மேகமலையில் வெளுக்கப் போட்ட சட்டை

‘தை, சனிக்கிழமை. மேகமலை. காலையில் அடர்ந்த மூடுபனி, மழை இல்லை.’ அன்றைய என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. சட்டை விஷயத்தை எழுத அன்று நேரம் கிடைக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பனின் கைக்குழந்தைக்கு மறுநாள் ராயப்பன்பட்டி கோவிலில் ஞானஸ்நானம். அதற்காக என் ஊரான சின்னமனூரிலிருந்து வெள்ளிக்கிழமை மாலையே மேலே போயிருந்தேன். பனியில் கிடந்தால் வெள்ளைத் துணி இன்னும் பளிச்சிடும் என்பது அங்கே நம்பிக்கை. நண்பனின் மனைவியும் ஞானஸ்நானத்துக்கென்று குழந்தைக்குத் தான் தைத்த வெள்ளைச் சட்டையைத் துவைத்து, இரவு முழுக்கப் புல்மேல் விரித்திருந்தார்.

காலையில் பார்த்தால் சட்டையெங்கும் கரும்புள்ளிகள். பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்பின் மேல் பழி விழுந்தது. அந்த வீட்டு அக்காதான் ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நிற்கவேண்டிய ஞானத்தாய்.

“நாளைக்குப் புள்ளைய நீங்க ஏந்த வேணாம்க்கா,” என்றார் நண்பனின் மனைவி.

“என் அடுப்புப் புகைக்கு உன் வீட்டு வழி மட்டுந்தான் தெரியுமாக்கும்?” என்று அந்த அக்கா கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பயணத்துக்குச் சொல்லிவைத்த ஜீப், வீடுகளே இல்லாத அணைக்கரையில் இரவு நின்றிருந்தது. அதை எடுத்துவர நண்பனும் நானும் நடந்தோம். ஈரமான முன்கண்ணாடியை என் கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டை கறுத்துப்போனது.

“ஏலே, இங்கன எவன் அடுப்பு எரிச்சான்?” என்றான் நண்பன்.

ஜீப் வீட்டு முன் நின்றதும் கைக்குட்டையோடு உள்ளே ஓடினான். “அவுக அடுப்பு இல்ல, பாரு. அணைக்கரை ஜீப்புலயும் இதே கரிதான்!”

அவன் மனைவி கைக்குட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

“கொண்டா இங்கன, வெந்நீர் கொதிக்குது,” என்றார் அக்கா. “புகை ஒட்டிக்கிடாதுல்ல?”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சட்டையை மறுபடி அலசி, அந்த அடுப்பின் சூட்டிலேயே உலர்த்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காதான் குழந்தையை ஏந்தி நின்றார்.

பகல் வெயிலில் பள்ளத்தாக்குக் காற்று மலைச்சரிவில் ஏறும் என்பதும், அது சுமந்துவரும் புகைத்தூள் உச்சியில் பனித்துளியோடு சேர்ந்து படியும் என்பதும் நான் படித்தறிந்தவை. அன்றிலிருந்து சின்னமனூர் வயல்களில் கரும்பின் காய்ந்த இலையான சோகை எரியும்போதெல்லாம் என் கண் தானாக மலைப்பக்கம் திரும்புகிறது. மேலே வெள்ளைத் துணி காயப்போடுகிறவர்களும் எங்கள் அண்டை வீட்டார்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அன்று படிந்த கரி எங்கள் சோகைத் தீயிலிருந்து போனதா, செங்கல் சூளையிலிருந்தா, அல்லது இன்னும் தொலைவிலிருந்து வந்ததா என்பதை நான் இன்றுவரை உறுதிசெய்யவில்லை.