ஏரிக்கு முதுகு காட்டிய வீடு

நண்பரே, கனடாவில், மொன்றியலில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லொங்குய்யில் மூன்று வீடுகளுக்கு பேஸ்மென்ட். புரோசார்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி, புகைபோக்கி உட்பட. கார்டெறி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கு வேலி. அந்த வேலிக்குள் விளையாடிய பிள்ளைகள் பிள்ளை பெற்றுவிட்டார்கள், வேலி அப்படியே நிற்கிறது. கோயிலில் செருப்பு வைக்கும் அறை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பகலில் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவி, மிச்ச நேரத்தில், சுத்தியல் கையோடு ஒட்டிக்கொள்ளும் குளிரில் கட்டினேன். படித்த எஞ்சினியர் ஒருவர் என் படிக்கட்டில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, “அண்ணை, இதுக்குப் படம் கீறினது ஆர்?” என்று கேட்டார். என் தலையைத் தொட்டுக் காட்டினேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, வடக்கே மலைக்குள் ஓர் ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜ். தனி ஆளாகக் கட்டினேன். சரி, கூரைக்கு மட்டும் இரண்டு பேர் வந்தார்கள்.

அது இப்போது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், போன ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்டில் மகள் வீட்டில் நண்டுக் கறி. வெளியே இன்னும் பனி கரையவில்லை. மகளோ எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டு, எங்கள் குளிர் அங்கிகளை ஓர் அறைக்குள் போட்டு அடைத்து, கதவிடுக்கில் துவாயும் செருகியிருந்தாள். மணம் ஏறிவிட்டால் வேலையிடத்தில் முகம் சுளிப்பார்களாம். நான் நடுங்கிக்கொண்டே அந்த மணத்தை மூக்கு நிறைய இழுத்தேன். அந்தக் கொட்டேஜ் பிறந்ததே இந்த மணத்தால்தான்.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது ஒரு கோடையில், எல்லாரும் போகிறார்களே என்று நாங்களும் ஓர் ஏரிக்கரை வீட்டை வாடகைக்கு எடுத்துப் போனோம். சமையலை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். என் மனைவி தவம் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டு, இடியப்ப உரல் முதல் கறித்தூள் வரை கட்டிக்கொண்டு வந்தாள். முதல் நாளே மீன் குழம்பு. மறுநாள் காலை வீட்டுக்காரி ஏதோ எடுக்க வந்தாள். எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொரு யன்னலாகத் திறந்துகொண்டு போனாள். அவள் போன பிறகு தவம் எலுமிச்சம்பழத்தை வெட்டி அடுப்பையும் சுவரையும் தேய்க்கத் தொடங்கினாள். மிச்ச நாட்களுக்குப் பாணும் பழமும்தான். திரும்பி வரும்போது காரில், “இனி வேறை ஆரின்ரை வீட்டிலையும் நான் அடுப்பு மூட்ட மாட்டன்” என்றாள்.

எனக்கு அது போதும். காணி தேடினேன், வாங்கினேன், கட்டினேன். எங்கள் ஆட்கள் வந்து வயிறாரச் சமைத்து, பயமில்லாமல் தாளித்து, ஏரியில் குளித்துவிட்டுப் போக ஒரு வீடு. கட்டில் என்னுடையது, அடுப்பு என்னுடையது, சமையல் உங்களுடையது என்பேன். சனிக்கிழமைகளில் அரிசி மூட்டையோடும் ஆட்டிறைச்சியோடும் வான் வண்டிகள் வந்து நிற்கும். பக்கவாட்டில் ஒரு சிறிய அறையில் நாங்கள் இருப்போம். வந்த பெண்கள் “தவமக்கா, உப்புப் பாருங்கோ” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அதனால் அவளுடைய இடம் குசினிதான்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். ஏரி மேற்குப் பக்கம். எங்கள் வழக்கத்தில் வாசல் கிழக்கே பார்க்க வேண்டும், குசினி பின்னாலே போக வேண்டும். வேறு விதமாகக் கட்டலாம் என்பதே என் புத்தியில் ஏறவில்லை. வாசல், விறாந்தை, பெரிய யன்னல்கள் எல்லாம் கிழக்கே. அங்கே பார்க்க இருந்தது ஒரு மலைச்சரிவும், நிறுத்திய வான்களும்தான். பக்கத்துக் காணிக்காரர், வயதான கியூபெக்காரர், வேலை முடிந்த அன்று வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, “முசியே, ஏரி அந்தப் பக்கம்” என்று கையை நீட்டிக் காட்டினார். தெரியும் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

ஆண்கள் விறாந்தையில் இருந்து வான்களைப் பார்த்தபடி சீட்டு விளையாடினார்கள். குசினியின் பின் சுவரில், உச்சியில், புகையை வெளியே இழுக்கும் காற்றாடி பூட்ட ஓர் ஓட்டை மட்டும் விட்டிருந்தேன். கறி மணம் அதன் வழியாக ஏரிக்குப் போகும். முதல் கோடையிலேயே தவம் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, மணம் மட்டும் ஏரியைப் பாக்குது. நான் சுவரைப் பாக்கிறன். இதிலை ஒரு யன்னல் வெட்டித் தாங்கோவன்.”

“பேந்து பாப்பம்” என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த கோடையும் கேட்டாள். நான் படகுத்துறை கட்டிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த கோடை இரண்டாவது குளியலறை. பிறகு ஊஞ்சல், விறகுக் கொட்டகை. யாருக்கும் தேவையில்லாத ஒரு வளைவு வாசல்கூடக் கட்டினேன், வருகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்தார்கள். பதினொரு கோடை. நேரமில்லை என்று அவளுக்குச் சொன்னேன். உண்மை வேறு. அந்தச் சுவரை வெட்டினால், வீட்டை முன்பின்னாகக் கட்டிவிட்டேன் என்று நானே ஊருக்குச் சொன்னதாகிவிடும். மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் கோடையில் அவள் கேட்கவில்லை. நோய் அதற்குள் வந்துவிட்டது. மருத்துவர் மகளிடம் பிரெஞ்சில் நெடுநேரம் கதைத்தார், மகள் எனக்கு இரண்டே வரியில் சொன்னாள். அடுத்த நாளே நான் மரம் அறுக்கும் வாளும் இடிக்கிற அலவாங்கும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஒரே பகலில் அந்தச் சுவரில் யன்னல் திறந்தது. பதினொரு வருடம் தள்ளிப்போட்ட வேலை, நண்பரே, ஒரு பகல்.

இலைகள் சிவந்திருந்த வாரத்தில் அவளைக் கூட்டிப் போய், அடுப்படியில் கதிரை போட்டு இருத்தினேன். முழு ஏரியும் உள்ளே வந்து நின்றது. அவள் நெடுநேரம் பார்த்தாள். என்னைப் பாராட்டுவாள் என்று காத்திருந்தேன், என் புத்தி அப்படி.

“இவ்வளவு கிட்டவோ இருந்தது?” என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இன்னும் ஒரு முறை போனோம். ஏரி உறைவதற்கு முன் அவள் போய்விட்டாள். அந்தக் குசினிக்குள் தனியே நிற்க என்னால் முடியவில்லை, வீட்டை விற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்டு சாப்பிட்ட பிறகு, கோடைக்கு எங்கே போகலாம் என்று பேத்தி போனில் தேடினாள். ஒரு வீட்டைக் காட்டினாள். முதல் படமே ஒரு குசினி யன்னல், அதில் ஏரி. அந்த யன்னலின் மரச்சட்டம் நான் அடித்தது. கீழ் மூலையில் வாள் வழுக்கிய கோடு கூடத் தெரிந்தது. மற்றப் படங்களில் ஊஞ்சல் இல்லை, கொட்டகை இல்லை, வளைவு இல்லை. கீழே எழுதியிருந்ததைப் பேத்தி வாசித்துச் சொன்னாள்: இந்த யன்னலை அமைத்த இப்போதைய உரிமையாளரின் ரசனையை வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்திருக்கிறார்களாம். வீட்டு விதிகளில் ஒன்று, மணம் கூடிய சமையல் செய்யக் கூடாது.

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா, வேறை இடம் பாப்பம்” என்றாள்.

வேண்டாம், அந்த வீட்டுக்காரருக்கு எழுது என்றேன். என்ன எழுத என்று கேட்டாள். அன்றைக்கு வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன். யன்னலைக் கேட்டவள் தவம் என்று போட வேண்டும். சுவரை வெட்டியவன் நான் என்று போட வேண்டும். பதினொரு கோடை கேட்கவைத்து, பிந்தி வெட்டியவனும் நான்தான் என்பதையும் போட வேண்டும். அதை விட்டுவிட்டு என் பெயரைப் போட வேண்டாம்.