பாவா முதுகைக் காட்டி நின்ற ஆட்டம்

எங்கள் கால்பந்து அணியில் கோல் கீப்பருக்கு ஒரே வேலைதான். பந்து கைக்கு வந்ததும் பலம் கொண்ட மட்டும் தூக்கி அடிக்க வேண்டும். நான் பந்தைப் பிடித்த அடுத்த நொடியே மற்ற பத்துப் பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஓடிவிடுவார்கள். திருத்தணியில் பதினேழு வருடமாகக் கோல் காக்கிறேன். பந்து என்னிடம் இருக்கும்போது எங்கள் ஆட்களில் ஒருத்தன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. என் உதை அப்படி. பந்து மலை உயரத்துக்குப் போய் எதிர் கோலுக்குப் பக்கத்தில் இறங்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள் ‘ஓ’வென்று கத்துவார்கள். அந்தச் சத்தம் காதில் இருந்தால் வாரம் முழுக்க அம்பத்தூர் கம்பெனிக்கு ரயிலில் நின்றுகொண்டே போய்வருவது பெரிதாகத் தெரியாது.

போன வருடம் வலது முட்டி போய்விட்டது. கம்பெனிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். ஆட்டத்தில் போயிருந்தாலாவது சொல்லிக்கொள்ள நன்றாக இருந்திருக்கும்! நடக்கலாம், பாயலாம், விழுந்து பிடிக்கலாம். தூக்கி அடிக்க மட்டும் முடியாது. உதைத்தால் பந்து பாதி மைதானம்கூடத் தாண்டவில்லை. “மணவூர்லேர்ந்து ஒருத்தன் வரான், நல்லா அடிக்கிறான். அவன நிக்க வைக்கலாம்” என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே இல்லாத ஞாயிற்றுக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முடிவு சொல்ல வேண்டியவர் கேப்டன். கேப்டன் என் பாவா, அக்காவின் கணவர். ஊருக்கு வெளியே வேர்க்கடலை பயிர் செய்கிறவர். களத்தில் எனக்கு நேர் முன்னால் நிற்கிற தடுப்பாட்டக்காரரும் அவரே. நான் அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். வெளிநாட்டு ஆட்டங்களில் கீப்பர்கள் பந்தைத் தரையோடு தள்ளித் தங்கள் ஆளிடமே கொடுக்கிறார்கள். அங்கிருந்து ஒவ்வொருவராக மாற்றி முன்னால் கொண்டுபோகிறார்கள். ரயிலில் செல்போனில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம். “நீங்க ஓடாம என்ன பாத்துகினு நில்லுங்க பாவா, போதும்” என்றேன். தலையாட்டினார்.

முதல் ஆட்டத்திலேயே சொதப்பியது. பந்து என் கைக்கு வந்ததும் பாவாவின் கால்கள் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டன. நான் தள்ளிய பந்து அவர் குதிகாலில் பட்டு எதிரணிக்காரனிடம் போய் நின்றது. கோல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “சொன்னா காதுல ஏறாதா உங்களுக்கு?” என்று அத்தனை பேர் எதிரில் கத்திவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் பாவா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலமே அக்கா போன் செய்தாள். “எங்க வூட்டுக்காரர நாலு பேர் எதிர்ல கத்துனியாமே? பெரிய ஆளாயிட்டியா? மொதல்ல வந்து அவர்கிட்ட பேசு.” வெட்கத்தோடு போனேன். பாவா விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கை அள்ளினேன்.

“தப்புதான் பாவா. அப்படி கத்தியிருக்கக் கூடாது.”

“அது போவட்டும் வுடு” என்றவர், இன்னொரு கடலையை உரித்துப் போட்டபடி சொன்னார்: “உன்ன பாத்துகினு நின்னா எதிராளிக்கு முதுக காட்டணும் மச்சான். பின்னாடி எவன் வரான்னு எனக்கு எப்படித் தெரியும்? பயமா கீது.”

நான் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். பாவாவுக்குப் பயம் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

“எனக்கு எல்லாம் தெரியுது பாவா. நான் சொல்றேன்.”

“சரி. ஆர்.கே.பேட்டைக்காரங்களோட ஆட்டம் ஒண்ணு பாப்போம். அதுலயும் சொதப்புனா கிளவுஸ கழட்டி மணவூர் ஆளுகிட்ட குடுத்துடு.”

“ஆங்” என்றேன்.

தினமும் காலையில் ரயிலுக்கு முன் அரை மணி நேரம் பழகினோம். அணிப் பையன் ஒருவன் பாவாவின் முதுகுப் பக்கமிருந்து பாய்ந்து வருவான். “பின்னாடி ஆள் வராங்க பாவா” என்று நான் முடிப்பதற்குள் பந்தைப் பறிகொடுத்துவிடுவார். “மரியாதைய வூட்ல குடுடா, இங்க சுருக்கா சொல்லு” என்று திட்டினார். அதன் பிறகு ஆள் வந்தால் ‘ஆள்’, வராவிட்டால் ‘திரும்பு’ என்று மட்டும் கத்தினேன். அக்கா கேட்டிருந்தால் என்னை உதைத்திருப்பாள்.

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் ஆட்டம். காவடிக் கூட்டம் வந்த வேன்கள் மைதானத்தில்தான் நின்றிருந்தன. தரை முழுக்க டயர் பள்ளம், தள்ளிய பந்து முயல் மாதிரி குதித்தது. எதிரணியில் பாதிப் பேர் பவர்லூம் தறிக்காரர்கள். அதில் ஒருவன் பந்து போகிற இடமெல்லாம் பாய்ந்து வந்தான். இருந்தும் கடைசி ஐந்து நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் விழவில்லை.

அப்போது நான் பாவாவுக்குத் தள்ளினேன். ஓடாமல் என்னைப் பார்த்தபடியே வாங்கினார். அந்த வேகக்காரன் அவர் முதுகை நோக்கிப் பாய்ந்தான். “ஆள்!” என்று கத்தினேன். “தூக்கி அடிங்கய்யா!” என்று ஓரத்தில் நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள். பாவா இத்தனை வருடமும் அதைத்தான் செய்திருக்கிறார். அன்று செய்யவில்லை. பந்தை எனக்கே திருப்பித் தள்ளினார்.

பதினேழு வருட ஆட்டங்களில் என் அணியிலிருந்து எனக்கு வந்த முதல் பந்து அது. சொந்த அணிக்காரன் காலால் திருப்பித் தந்த பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது. இடது காலால் நிறுத்தினேன். வேகக்காரன் இப்போது என்மேல் வந்தான். வலப்பக்கம் எங்கள் ஆள் ஒருவன் முகத்தைக் காட்டி நின்றிருந்தான், அவனுக்குத் தள்ளினேன். அங்கிருந்து நான்கு கால்கள் மாறிப் போன பந்து எதிர் கோல் கம்பத்தில் பட்டு வெளியே போனது. சே! ஆட்டம் டிராவில் முடிந்தது.

பாவா மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கிளவுஸைக் கழற்றச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“பின்னாடி வந்தது எவன்டா?”

“அந்த வேகமா ஓடறவன் பாவா. ஏன், நீங்க பாக்கலையா?”

“நீதான் சொன்னியே” என்றார். “நான் எதுக்குப் பாக்கணும்?”