ஆணியில் தொங்கும் குடைக்கம்பி

எங்கள் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால், சாமி படங்களுக்குக் கீழே, ஓர் ஆணியில் ஒரு குடைக்கம்பி தொங்குகிறது. பழைய கறுப்புக் குடையிலிருந்து உருவியது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். பிடிப்பதற்கு வாகாக ஒரு முனையில் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கியிருக்கும். மறுமுனை மண்ணில் குத்திக் குத்தி மழுங்கிப் போயிருக்கிறது. சிமெண்டும் கட்டுக்கம்பியும் வாங்க வருகிறவர்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கம்பி விக்கிற கடையில இந்தத் துருப்புடிச்சதுக்கு இன்னாண்ணா இவ்ளோ மரியாதை?" என்று கேட்பார்கள். "எங்க மாமாவுது" என்று சொல்லிவிட்டுப் பில் போடுவேன். அதற்கு மேல் சொல்ல ஆரம்பித்தால் வியாபாரம் நடக்காது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். வண்டலூர் தாண்டி உள்ளே ஒரு கிராமத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவர். எல்லையில், புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுக்கும் வேலை அவருக்கு. பதினேழு வருடம் அதைச் செய்துவிட்டு, இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண்ணோடு ஊர் திரும்பினார். அதுதான் பிறகு அவருக்குச் சிக்கலாகவும் ஆனது. கால் போயிருந்தால் யாராவது நாற்காலி போட்டிருப்பார்கள். முழுசாகத் திரும்பி வந்தவரிடம் யார் என்ன கேட்பது? எங்கள் பெரியப்பா வெளிப்படையாகவே சொன்னார்: "அதான் நல்லா திரும்பி வந்துட்டாப்லயே, அப்புறம் இன்னா?"

அவர் திரும்பிய வருடம் அக்கா மகளுக்குக் காது குத்தினோம். அவர்கள் குலதெய்வம் வெட்டவெளியில் ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து நாற்பது அடி மண்ணில் நடக்க வேண்டும். தாய்மாமன் நான் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார். மாமா சாலையிலேயே நிற்கிறார். ஒரு கையால் தன் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை ஆள் அனுப்பினோம். வரவில்லை. "மிலிட்டரித் திமிரு" என்றார்கள் உறவுக்காரர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வாய்விட்டும் சொன்னேன். குழந்தை அழுத அழுகையில் அது அவர் காதில் விழவில்லை என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தை அக்காதான் பிறகு சொன்னாள். மாமா மண்ணில் கால் வைக்க மாட்டார். வீட்டு வாசலில் நாலடி மண்தரை இருந்தது. காலையில் குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு குந்தி, சாய்வாக, விரல்கடை தூரத்துக்கு ஒரு குத்தாகக் குத்திக்கொண்டே கேட் வரை போவார். முடித்த பிறகுதான் அக்காவும் குழந்தையும் வெளியே வரலாம். "பாப்பாவ மண்ணுல விளையாட உட மாட்டேன்றாருடா. அவருக்குப் புரியுது, இங்க ஒண்ணும் இல்லன்னு. ஆனா முடியலன்றாரு" என்று அழுதாள். ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் தூங்கினார். தூங்கி எழுந்ததும் மறுபடி கம்பியை எடுத்தார்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தாம்பரத்துக்குக் கிழக்கே பயிர் வைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். நிலம் மனைகளாகப் பிரிந்தபோது, அந்த மனைகளில் வீடு கட்ட வந்தவர்களுக்கே அப்பா சிமெண்ட் விற்க ஆரம்பித்தார். அதனால் எந்தக் கோளாறானாலும் மேலே சிமெண்ட் போட்டால் சரியாகிவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. தண்ணீர் தேங்கினால் சிமெண்ட், புல் முளைத்தால் சிமெண்ட், பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறு என்றாலும் சிமெண்ட். அக்கா அழுததைப் பார்த்ததும் எனக்கு வேறென்ன தோன்றும்? மறுநாளே ஆள் அழைத்துப் போய் வாசலில் தளம் போட்டேன். மாமா அன்று முழுக்கப் படியிலேயே உட்கார்ந்து, மண்வெட்டி விழுந்த ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். தளம் காய்ந்ததும் அதில் நடந்தார். குழந்தையும் முதல்முறையாக வாசலில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டாக்டருக்கு முடியாததை நாலு மூட்டை சிமெண்ட் செய்துவிட்டது என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன்.

ஏரிக்கரைக்கு அவரை அழைத்துப் போனது அக்கா. டாக்டர் காலையில் கொஞ்சம் வெளியே நடக்கச் சொல்லியிருந்தார். எங்கள் ஏரி பெரியதில்லை. ஒரு பக்கம் அபார்ட்மெண்டுகள், மறுபக்கம் மேடவாக்கம் போகிற சாலை, நடுவில் கொஞ்சம் தண்ணீரும் நிறைய ஆகாயத்தாமரையும். கரை அப்போது வெறும் மண். முதல் வாரம் மாமா கரை தொடங்கும் இடத்திலேயே நின்று திரும்பினார். அப்புறம் கம்பியோடு பத்தடி. அந்தக் கரையில் ஓர் அம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் மாமா ஆட்டின் குளம்புத் தடத்தில் கால் வைத்து அதன் பின்னாலேயே நடப்பதை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். பாம்புக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது. "இன்னா சார், கடிச்சா என் ஆட்டக் கடிக்கட்டும்னு பின்னாடியே வர்ரீங்களா? அதுக்கு மட்டும் உசுரு இல்லியா?" என்றார் சிரித்துக்கொண்டே.

மாமா சிரிக்கவில்லை. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் ஆடுகளுக்கு முன்னால் நடந்தார். கம்பியால் குத்திப் பார்த்து, தான் கால் வைத்து, பிறகு ஆடுகளை வரவிட்டார். அவற்றுக்குப் பொறுமையில்லை. இரண்டு பக்கமும் முண்டியடித்துக்கொண்டு போயின. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு மழைக்காலத்தில் அவர் பனைமரம் வரை போனார். அப்புறம் ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கலங்கல் வரை. அந்த மண்ணை வாசிக்கக் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இது நண்டு வளை, இது நேற்று ராத்திரி கீரி போன தடம், இங்கே எறும்பு புற்றைக் கிளறியிருக்கிறது என்று சொல்வார். எறும்பு குடியிருக்கும் மண் பல நாளாக யாரும் தொடாத மண் என்பது அவர் கணக்கு. தண்ணீரில் முக்குளிப்பான் பறவை மூழ்கினால் அது எங்கே எழும் என்று நின்று பார்ப்பார். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார். தப்பாகிப்போனால் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் சிரித்து நான் பார்த்தது அங்கேதான். குத்துவது குறைந்து, கம்பியைக் கையில் வெறுமனே வைத்திருப்பது என்று ஆனது.

ஒருநாள் காலையில் நான் கடை திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். குரல் சரியாக இல்லை.

"கம்பி வூட்லயே கீதுடா."

"மறந்துட்டுப் போயிருப்பாரு. நான் எடுத்துக்கினு போய்க் குடுக்கட்டா?"

"அதத்தாண்டா சொல்றேன். மறந்துட்டாருடா" என்று சொல்லி அழுதாள். நானும் ஊதுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அப்படிப் பல வருடம் கம்பி அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சும்மா தொங்கியது. அக்கா மகள் படித்து, கல்யாணமாகி, கோயம்புத்தூர் போனாள். நான் எங்கள் பகுதி நலச்சங்கத்துச் செயலாளரானேன். வெறும் கை முழம் போடுமா? பதவி கிடைத்ததும் ஏரிக்கரைக்குப் பேவர் பிளாக் கல் போட வேண்டுமென்று மனுக் கொடுத்தேன், அலைந்தேன், வாங்கியும் விட்டேன். நாட்டுக்காக உழைத்த எங்கள் மாமா மழையில் சேறு மிதிக்காமல் நடக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசினேன். கைதட்டினார்கள். அவரும் அக்காவும் மகள் வீட்டுக்குப் போயிருந்த பத்து நாளில் வேலையை முடித்தோம். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

திறப்பு விழாவன்று அவரைத்தான் முதலில் நடக்கச் சொன்னேன். ஓரக் காரை காயாததால் யாரும் மிதித்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டியிருந்தோம். நடுவில் சிவப்பும் சாம்பலுமாகப் பளிச்சென்று பாதை. மாமா அதன் விளிம்பில் வந்து நின்றார். அந்த நாடாக்களைப் பார்த்தார். சட்டை முதுகு நனைந்துவிட்டது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான் அவர் முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளினேன். அந்தக் கை எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கதவுக்குப் பின்னால் கம்பி இல்லை. பாதையில் குந்தி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துகளில் குத்திக்கொண்டிருந்தார் என்று நடைக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தாராம். மூன்று நாள் போனார். அப்புறம் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. நிறுத்தியிருந்த மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். அக்கா என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு நேரில் போனேன். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க மாமா" என்றேன்.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணல மச்சான். நோண்டி மூடன தரை அது. அடியில இன்னா கீதுன்னு நான் பார்க்கல."

"நான் பார்த்தேனே மாமா. கூடவே நின்னேன். ஜல்லித்தூளு, அதுக்கு மேல எம்-சாண்ட். வேற ஒண்ணும் கெடையாது. எம்மேல நம்பிக்கை இல்லியா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதைப் போலச் சொன்னார்: "நானும் அப்டித்தான் சொன்னேன், ஒண்ணும் கெடையாதுன்னு. நான் பார்த்து முடிச்சு, ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிட்டு வந்த எடம் அது. என்னை நம்பித்தான் அவன் காலை வச்சான்."

அந்த 'அவன்' யார், எந்த ஊர், என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அக்காவுக்கும் அன்றுதான் தெரியும். சமையலறையில் அவள் பாத்திரம் கழுவுவது நின்றுவிட்டது.

வெள்ளை நாடாவை அன்று மாலையே அறுத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடையிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றேன். "வாங்க மாமா. பேத்துக் காட்றேன், பாருங்க" என்றேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார், கையில் கம்பி. பாதையின் முதல் கல்லைப் பெயர்த்தேன். குந்திப் பார்த்தார், கம்பியைச் சாய்த்துக் குத்தினார், "மூடு" என்றார். மூடினேன். அடுத்து அவர் காட்டிய கல்லைப் பெயர்த்தேன். அன்று ஆறு கல். ஆறாவது கல் வரை நடந்து, திரும்பினோம். நடைக்கு வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். "போட்டதும் நீங்க, பேக்கிறதும் நீங்களா சார்?" என்று கேட்டார் சங்கத்துப் பொருளாளர். கேள்வி நியாயமானது. பதவி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போனது. என் உள்ளங்கையில் காய்ப்பு. பனைமரத்துக்கு வந்து சேர்ந்த அன்று, ஆட்டுக்கார அம்மாள் எதிரே வந்தார். ஆடுகள் பாதையில் வரவில்லை. கல் வழுக்குகிறது போலிருக்கிறது, கரைச் சரிவில் தண்ணீரை ஒட்டி ஒற்றையடியாகப் புதிதாக ஒரு தடம் போட்டிருந்தன. "சாரு ரொம்ப நாளா காணோமே" என்றார் அந்த அம்மாள். மாமா அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈர மண், எறும்பு, குளம்படி. நான் அடுத்த கல்லில் கடப்பாரையை வைத்தேன்.

"போதும் மச்சான், உடு" என்றார். கம்பியை என் கையில் கொடுத்தார். "உங்கிட்டயே இருக்கட்டும். நான் பார்க்கற மாரி மாட்டி வை." பிறகு மெதுவாகச் சரிவில் இறங்கினார். ஆடுகள் அவருக்கு வழிவிடவில்லை. அவர்தான் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். நான் மேலே பாதையில் நின்றுகொண்டு, அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். இவர் இத்தனை வருடம் எங்களைப் பார்த்து இப்படித்தான் நின்றிருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போதும் பேவர் பிளாக் விற்கிறேன். வீட்டைச் சுற்றி முழுக்கப் போட வேண்டுமென்று வருகிறவர்களிடம், கொஞ்சம் மண் விடுங்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். வருகிற வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்று என் மகன் முறைக்கிறான். மாமாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தினம் காலை ஏரிக்குப் போகிற வழியில் கடை முன் நிற்பார். உள்ளே வரமாட்டார், பேசவும் மாட்டார். ஆணியில் கம்பி இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பார், பிறகு இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. ஆனாலும் ஆறு மணிக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கி, உள்ளே லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன்.