அத்தையின் பல்லும் மூன்றாம் பதிப்பும்

பல் தயாரிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘ஏன்’. கணினியில் பல்லை வரைந்து கடைசல் இயந்திரத்துக்கு அனுப்புவது அவள் வேலை. ஏதாவது இயந்திரம் ஓடாவிட்டால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஓடிவிட்டாலும் ஏன் ஓடியது என்று குடைவது அவள் ஒருத்திதான்.

அந்த வாரம் கடைசலுக்குக் காத்திருந்தவை அவளுடைய மாமியாரின் முன்பற்கள். சனிக்கிழமை நாத்தனாருக்குக் கல்யாணம். ஓட்டைப் பல்லோடு மேடையேற மாட்டேன், ‘ச’ என்றால் காற்றுதான் வருகிறது, வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று அத்தை தீர்மானமாகச் சொல்லியிருந்தார்.

இயந்திரத்துக்குப் புதிதாக மாட்டிய வெட்டுத்தலை, பழைய மென்பொருளின் பேச்சைக் கேட்கவில்லை. கம்பெனி அனுப்பிய புது மென்பொருளோ, லைப்ரரியின் மூன்றாம் பதிப்பு கிடைக்கவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது. லைப்ரரி என்பது பல மென்பொருள்களுக்குப் பொதுவான கணக்குத் தொகுதி. ஆளுக்கொன்றாகச் சுமக்காமல், கணினியில் இருப்பதையே எல்லாம் கூப்பிட்டுக்கொள்ளும். அந்தப் பழைய கணினியில் இருந்தது இரண்டாம் பதிப்பு.

சுண்ண மாவில் பல் அச்சு வார்க்கும் ‘மாவு’ அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“இருக்கறதுக்கே மூணுன்னு பேர் வச்சிடும்மா. அது என்ன பொண்ணு வீட்டுக்காரங்களா, விசாரிச்சிட்டு வர்றதுக்கு?”

வைத்தாள். மென்பொருள் திறந்துகொண்டது. அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். அவளுக்கோ பல் கடையும் பீங்கான் கட்டியை எடுக்கக் கை வரவில்லை. மூன்றைக் கேட்டது, இரண்டைக் கொடுத்ததும் எப்படிச் சம்மதித்தது? மெழுகை வைத்து ஒரு பல் கடைந்து பார்த்தாள். மண்வெட்டிபோல அகலமாக வந்து விழுந்தது.

திரும்பி வந்த அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை மாட்டினால் உங்கள் அத்தை தோட்ட வேலைக்குத்தான் போக வேண்டும் என்றார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே இரண்டு பதிப்புகளின் குறிப்புகளையும் தேடிப் படித்தாள். புதியதில் அகலம் முதலில், உயரம் அப்புறம். பழையதில் தலைகீழ். பெயர்தான் மாறியதே தவிர, உள்ளே இருந்தது பழைய வழக்கப்படியே அளவுகளை எடுத்துக்கொண்டது.

“அப்ப பழசத் தூக்கிட்டுப் புதுச வச்சிட வேண்டியதுதானே?” என்றார் அண்ணன்.

“பழசத் தூக்கினா அச்சப் படம் பிடிக்கிற ஸ்கேனர் படுத்துக்கும்ணே. அது ரெண்டோடதான் குடும்பம் நடத்துது.”

பொய்ப் பெயரை முதலில் நீக்கினாள். கம்பெனியிடம் கேட்டு, அந்தப் பழைய கணினிக்கென்றே கட்டிய மூன்றாம் பதிப்பை வாங்கினாள். அதைப் பொது இடத்தில் வைக்காமல் புது மென்பொருளின் பெட்டிக்குள்ளேயே வைத்து, முதலில் இங்கே தேடு என்று அது தொடங்கும் கட்டளையில் ஒரு வரி எழுதினாள். மற்ற மென்பொருள்கள் தம் பாட்டுக்கு இரண்டையே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. மெழுகில் மறுபடி ஒரு பல். இம்முறை பல்லாகவே வந்தது. பிறகுதான் பீங்கானைத் தொட்டாள்.

வெள்ளிக்கிழமை மருத்துவர் பொருத்தி முடித்ததும் அத்தை கண்ணாடியைக்கூடக் கேட்கவில்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

“நாளைக்குச் சனிக்கிழமை, சீக்கிரம் எந்திரிச்சிடு. நான் வந்து எழுப்பிட்டு நிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

ஒவ்வொரு ‘ச’வும் காற்றாகக் கசியாமல் விழுகிறதா என்று மருமகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.