டைகரின் இடது கண்ணும் ஹனீபா நானாவும்

செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. எங்கள் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் ஒரு உவர்வெளி கிடக்கிறது. விடிந்து கொஞ்ச நேரம் அதன் மேல் ஒரு வெண்மை நிற்கும். அது பனியா, உப்பா, என் தூக்கக் கலக்கமா என்று இத்தனை வருடம் பார்த்தும் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று அந்த வெண்மைக்குள் இருந்துதான் குரல் வந்தது. முதல்முறை பெயரைக் காற்று கொண்டுபோய்விட்டது. "வபாத்தானார்கள்", யாரோ இறந்துவிட்டார் என்பது மட்டும் கேட்டது. இரண்டாம் முறை ஹனீபா நானாவின் பெயரும் கேட்டது. ஜனாஸா பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்றார்கள். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆறிப் போனதுகூடத் தெரியவில்லை.

மன்னாரில் ஹனீபா நானாவை அறியாதவர்கள் குறைவு. சிலருக்கு அவர் ஆட்டுக்கு ஊசி போடுகிறவர். சிலருக்கு மாட்டின் கன்றை வெளியே எடுத்தவர். மிருக வைத்தியர் கந்தோரில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது கடதாசியில்தான். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் ஓய்வு பெறவில்லை. கழுதைக்குக் காலில் கம்பி குத்தினாலும் ஆள் அனுப்புவார்கள், அவரும் போவார். கழுதைக்குச் சொந்தக்காரர் யாரென்று கேட்கவே மாட்டார்.

நாய்களைத் தொட்டு வைத்தியம் பார்ப்பது அவருடைய ஆட்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் அதற்காகச் சண்டைக்குப் போனதில்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்துக் கழுவ வேண்டும். அது அவர்களுடைய முறை. பால்மாப் பேணி ஒன்றில் சுத்தமான கடற்கரை மணல் எடுத்து மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்திருப்பார். வேலை முடிந்ததும் குழாயடியில் குந்தியிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கழுவுவார். அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். "எச்சில் கழுவினாப் போயிடும் டீச்சர். பாக்காம விட்டுட்டு வந்தா அந்த நினைப்பு என்னத்தால கழுவினாலும் போகாது" என்றார். இதைச் சொல்லும்போது ஆறாவது தரம் கழுவிக்கொண்டிருந்தார்.

இனி நான் சொல்ல வந்த கதை. உங்களில் பலருக்கு இதன் பாதி தெரியும், அவரே சொல்லியிருப்பார்.

ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு சோளகம். சோளகக் காற்று வந்துவிட்டால் இந்தத் தீவில் எதற்கும் ஓரம் இருப்பதில்லை. கடல் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சோற்றில் மணல், தலையணையில் மணல், பிள்ளைகளின் கொப்பிகளைத் திறந்தால் அதற்குள்ளும் மணல். ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு திரியும். நானும் சிவந்த கண்ணோடுதான் வகுப்பில் நின்றேன். அந்த நாட்களில் என் நாய் டைகருக்கும் கண் சிவந்தது. பெயருக்குத்தான் டைகர், கழுதை படலைக்குள் தலையை நீட்டினால் கதிரைக்குக் கீழே போய்விடுவான். தங்கை கனடா போனபிறகு அந்த வீட்டில் என்னோடு இருந்த ஒரே உயிர் அவன்தான். எனக்கு அவனும் அவனுக்கு நானும் என்று ஓடிக்கொண்டிருந்த வீடு.

ஹனீபா நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பக்கத்திலும் காற்று, என் பக்கத்திலும் காற்று.

"ரெண்டு கண்ணுமோ டீச்சர்?"

"ஓம் நானா, ரெண்டும் சிவப்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரியிறான்."

"பீளை கட்டியிருக்கோ? மஞ்சளா, பச்சையா?"

"இல்லை. தண்ணிதான் வடியுது."

"அப்ப சோளகம்தான். தண்ணியைக் கொதிக்க வச்சு ஆறவிட்டுத் துடைச்சு விடுங்கோ. காத்து விழத் தானாச் சரியாகும்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பீளையைப் பற்றிக் கேட்டபோது டைகர் கட்டிலுக்குக் கீழே இருந்தான். நான் குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே "இல்லை" என்றேன். அந்தக் கிழமை எங்கள் பாடசாலைக்கு மேற்பார்வைக் குழு வரவிருந்தது. பீளை இருக்கிறது என்றால் வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்வார், அரைநாள் போய்விடும். இவ்வளவும் அந்தப் பதிலுக்கு முந்திய ஒரு நொடியில் என் மனதில் ஓடியது. மனிதருக்குத் தேவையென்றால் மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது!

பிறகு வந்த நான்கு நாட்களும் எனக்குக் கனவுபோலத்தான் நினைவில் இருக்கின்றன. யன்னல்கள் சாத்தியிருந்தன. பகலெல்லாம் வீட்டுக்குள் ஒரு பழுப்பு வெளிச்சம். கூரைத் தகரம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. டைகர் கட்டிலுக்குக் கீழே இருட்டைத் தேடிப் படுத்துக்கொண்டான். பின்னேரத்தில் ஒரு துணியை நனைத்து அவன் முகத்தைத் துடைத்துவிடுவேன். துணியில் பச்சையாக ஏதோ ஒட்டும். விளக்கைப் போட்டுப் பார்க்காமலே அலசிக் காயப்போடுவேன். ஐந்தாம் நாள் காலையில் அவன் எழுந்து வந்தான், கதவு நிலையில் நேராக முட்டினான். அப்போதுதான் அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இடது கண்ணின் மேல் நீலமும் வெள்ளையுமாக ஒரு படலம்.

நான் கூப்பிட்டு நானா வந்தபோது என் கையில் ஒரு சிறிய மருந்துக் குப்பி இருந்தது. எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தபோது தந்த மருந்தின் மிச்சம் அது.

"இதைப் போட்டனீங்களோ?" என்று குப்பியை வாங்கினார்.

"இல்லை, இப்பத்தான் போடுவம் எண்டு எடுத்தனான்."

"நல்ல வேளை. உள்ளுக்குப் புண் இருக்கேக்க இதைப் போட்டா, இருக்கிற கண்ணும் இல்லாமப் போயிடும்."

குப்பியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு டைகரின் இமையைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்தார். "நான் பாக்காமச் சொல்லிட்டன்" என்றார். வாயைத் திறந்தேன். ஆனால் அவர் அதற்குள் ஓட்டோவைக் கூப்பிடப் போய்விட்டார்.

பாலத்தைக் கடந்து போனோம். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீரின் மேல் மணல் புகை. ஓட்டோ நகர்கிறதா, கடல் நகர்கிறதா என்று தோன்றியது. டைகரின் தலையைத் தன் சால்வையால் சுற்றி மடியில் வைத்திருந்தார் நானா. அவன் எச்சில் அவருடைய சாரமெல்லாம் வழிந்தது. அவர் குனிந்து, "கொஞ்சம் பொறு மகன், கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தன் பிள்ளைக்கு ஒரு தகப்பன் சொல்வதுபோல இருந்தது அது.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். சின்னக் கடதாசித் துண்டொன்றை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல விளக்கைப் பிடித்தார். கருவிழியில் புண் இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. இடது கண்ணில் அது பரவியிருந்தது. வலது கண்ணில் ஒரு புள்ளிதான்.

"இவ்வளவு நாள் ஏன் விட்டனீங்கள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் ஊரில் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்கு முன் நானா பேசினார்.

"டீச்சரில பிழை இல்ல டொக்டர். நான்தான் காத்து எண்டு சொன்னனான். வந்து பாக்கேல்ல."

அது அவர் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த கந்தோர். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் அவரை நானா, நானா என்று எழுந்து வரவேற்றவர்கள். அவர்கள் முன்னால் சொன்னார். நான் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மருந்து விட வேண்டும். நான் பாடசாலைக்குப் போகும் நேரமெல்லாம் அவர் வந்து மருந்து விட்டார். டைகர் கண்ணைப் பிராண்டாமல் இருக்க, ஒரு பழைய நீல வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினார். வாளிக்குள் தலையோடு அவன் வீட்டில் முட்டி மோதித் திரிந்தான். "தலையில தொப்பி போட்ட மாப்பிள்ளை" என்று நானா கேலி செய்வார். நான் மதியம் திரும்பி வரும்போது விறாந்தைக் கதிரையில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவருடைய காலடியில் வாளியோடு டைகர் தூங்கிக்கொண்டிருப்பான். காற்று மட்டும் விழித்திருக்கும். நான் செருப்பைக் கழற்றாமல் படியில் நின்று பார்ப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பிறகு தேநீர் போடப் போய்விடுவேன்.

சோளகம் விழுந்து காற்று ஓய்ந்தபோது வலது கண் தெளிந்துவிட்டது. இடது கண் போய்விட்டது.

மீன் விற்கிறவர், தபால்காரர், பக்கத்து வீட்டார் எல்லாரும் "நானாதானே டைகரின்ர கண்ணைக் காப்பாத்தினவர்" என்று புகழ்ந்தார்கள். அவர் ஒருவரையும் விடவில்லை. "ஒண்டைக் காப்பாத்தினனான், மற்றதை நான்தான் போக்கினனான்" என்று நிறுத்தி நிறுத்தித் திருத்தினார். ஒரு கலியாண வீட்டில், பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடமும் சொன்னாராம். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏன் நானா ஊரெல்லாம் சொல்லித் திரியிறீங்கள்? ஆர் கேட்டது?"

"நாயால சொல்ல ஏலாது டீச்சர். நான் சொல்லாட்டி ஆர் சொல்லுறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஐந்து வருடம் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி சுலைகா ராத்தா இத்தாவில், கணவன் இறந்தபின் மனைவி ஒதுங்கியிருக்கும் நாட்களில், உள்ளறையில் இருந்தார். பெண்கள் மட்டும் போகலாம். வெள்ளை உடுப்பில், வெளிச்சம் குறைந்த அந்த அறையில், அவர் எங்கேயோ தூரத்தில் இருப்பதுபோல இருந்தார். சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி, "டீச்சரின்ர நாய்க்கு ரெண்டு கண்ணையும் காப்பாத்திக் குடுத்தவர்" என்று தொடங்கினாள். திருத்துவதற்கு அவர் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் திருத்தினேன். ஒரு கண் போனதைச் சொன்னேன். பிறகு, அவர் பீளை இருக்கிறதா என்று கேட்டதையும், நான் குனிந்து பார்க்காமலே இல்லை என்றதையும், துணியில் பச்சையைக் கண்டும் காணாமல் அலசிப் போட்டதையும் சொன்னேன். "அவரில பிழை இல்லை ராத்தா. நான்தான் பொய் சொன்னனான்" என்றேன். அழாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

சுலைகா ராத்தா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவருக்குத் தெரியும் டீச்சர்" என்றார். "கண்ணைப் பாத்துட்டு வந்த அண்டைக்கே சொன்னவர். நாலஞ்சு நாள் பீளை கட்டாம இப்பிடிப் புண் வராது, டீச்சர் பாக்கேல்லப்போல எண்டு. அப்ப ஏன் உங்கட தலையில போடுறீங்கள் எண்டு கேட்டன். அவவுக்கு அந்த நாயை விட்டா வீட்டில ஆரும் இல்ல, இந்தப் பிழையையும் சேத்துத் தூக்க மாட்டா, நான் தூக்குறன் எண்டவர்."

ஹனீபா நானாவை அறிந்தவர்களே, உங்கள் ஒவ்வொருவரிடமும் அவர் கைபட்ட ஏதோ ஒன்று இருக்கும். ஒரு ஆடு, ஒரு கன்று, ஒரு பூனை. என்னிடம் இருப்பது இதுதான்: என் பொய்யைத் தெரிந்துகொண்டே, ஐந்து வருடம் என் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, ஒருநாளும் என் முகத்தை அதற்காகத் தேடிப் பார்க்காமல் இருந்த ஒரு மனிதரின் பார்வை. அதற்கு நான் தகுதியானவள் அல்ல. ஆனாலும் அதை வைத்துக்கொள்கிறேன். அவர் சொல்லித் திரிந்த பிழையை மட்டும் இன்றோடு அவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அது என்னுடையது.