மண்கூடையை வாங்கிய கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

1866, ஆவணி மாதம். கண்டிக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிலிமத்தலாவைக்கு மேலே, பாதி தோண்டிக் கைவிட்ட சுரங்கம் ஒன்று இருந்தது. பாதையை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். முடிந்த மட்டும் மண் கொட்டி, மாலை நான்கு மணிக்கு அதன் வாயைக் கல்லால் அடைக்க வேண்டும். துரை உத்தரவு.

எண்ணெய் வீண் என்று கங்காணி சேதுராமன் விளக்குத் தரவில்லை. மகா தாராளம். இருட்டில் வரிசையாக நின்று கூடையைக் கை மாற்ற வேண்டும். கடைசி ஆள் கொட்டிவிட்டு வெறுங்கூடையைத் திருப்பித் தருவான்.

"நான் முன்னால போறேன் மச்சான்," என்று என் மச்சினன் இருளப்பன் உள்ளே போனான். பிறகு நாங்கள் போனோம். அவனுக்கு அடுத்து நான்.

வெளியே தண்டவாளத் துண்டில் மணி அடித்தார்கள். ஒன்று. கூடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டான்.

கோப்பித் தோல் அழுகும் தோட்டத்தில் ஆறு வருடம் குப்பை கொட்டியவன் நான். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துகிறவன் இல்லை. ஆனால் அங்கே வந்த நாற்றம்... சீ. ஊசிப்போன கஞ்சியும் பேதியும் கலந்த நாற்றம்.

இரண்டு மணி. வெறுங்கூடை ஈரமாக வந்தது. கொழகொழவென்று. நாய் நக்கிய தட்டு போல.

"என்னடா எழவு இது?"

நறநற... நறநற... யாரோ மண்ணை மெல்லுகிறார்கள்.

மூன்றரை. வாயை அடைக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அவனை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

"இருளப்பா, போதும். வெளிய வாடா."

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று.

இன்னொரு கை.

இன்னொன்று...

உதறினேன். ஏதோ உரிந்து என் கையோடு வந்தது.

தோல்.

வெளியே ஓடினேன். கங்காணியின் காலைப் பிடித்தேன்.

"அடைக்காதீங்கய்யா. இருளப்பன் உள்ள இருக்கான்."

கங்காணி முறைத்தார். "நீங்க வரிசை கட்டுறப்பவே நாத்தம் தாங்காம இருட்டுல ஒங்களத் தாண்டி ஓடியாந்துட்டான்டா. அந்தா படுத்துக் கெடக்கான்."

மரத்தடியில் இருளப்பன் தூங்கிக்கொண்டிருந்தான்.

விளக்கோடு போய்ப் பார்த்தோம். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, சரிந்த பாறை. ஆள் நிற்க இடமில்லை. நான் கொடுத்த மண்ணில் ஒரு பிடிகூட அங்கே இல்லை.

நான்கு மணிக்கு வாயை அடைத்தோம். நானும்தான் கல் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் கண்டிச் சந்தையில் ராக்கம்மாவைப் பார்த்தேன். அந்தச் சுரங்கத்தை முதலில் தோண்டிய கூட்டத்தில் இருந்தவள். பேதி கண்ட பதினொரு பேரை அதற்குள் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். மழையில் கூரை சரிந்து வழி அடைபட்டதாம். நோய்க்குப் பயந்து யாரும் தோண்டவில்லையாம்.

"நாலு நாளா உள்ளேருந்து கஞ்சி கேட்டாங்க," என்றாள். "கூப்புட்டாத்தான் வெளிய வரணும்னு அவங்களுக்கு உத்தரவு. ஒருத்தரும் கூப்புடல."

கூப்பிட்டவன் நான். கூப்பிட்டுவிட்டு, வாயை அடைத்துவிட்டு வந்தேன்.