கிரகணத்துக்கு ஒரு தலை

செல்லசாமி மாமா எங்கள் தோட்டத்தில் காண் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் தேயிலை மலையை அரித்துக்கொண்டு போகாமல் வாய்க்கால் தோண்டும் வேலை. இலங்கை மலையகத்தில் இறம்பொடைக்கு மேலே, பாதி நாள் பனிக்குள் கிடக்கிற மலை. வெட்டி வெட்டி முதுகு வளைந்துவிட்டது. கோயிலிலும் அவருக்கு வேலைதான். தண்ணீர் சுமப்பார், திருவிழாவுக்கு அடுப்பு வெட்டுவார், சாமி புறப்பட்டால் பந்தம் பிடிப்பார். பரிவட்டம் மட்டும் அவர் பக்கம் வந்ததே இல்லை. பூசையில் பூசாரி பட்டுத்துணியைத் தலையில் கட்டி முதல் திருநீறு கொடுப்பாரே, அந்த மரியாதை. அது கோயில் தலைவர் கஜேந்திரனுக்கு. அதற்கு முன் அவருடைய அப்பாவுக்கு. கடைசி லயத்து வரிசை வீட்டில் இருக்கிற கூலியாளுக்கு யார் கட்டுவார்கள்?

மாமாவுக்கு அந்தத் துணிமேல் அப்படி ஓர் ஆசை. குடித்தால்தான் வாயைத் திறப்பார். "ஒரு தடவ, தம்பி. ஒரே ஒரு தடவ."

2019 மார்கழியில் சூரிய கிரகணம் வந்தது. இந்தக் கிரகணம் பரிவட்டம் கட்டுகிற தலைக்கு ஆகாது, உயிருக்கே கண்டம் என்று ஹட்டனில் ஒரு சோசியர் கஜேந்திரனிடம் சொல்லிவிட்டார். மனிதர் ஆடிப்போனார். மறுநாள் பூசையில் செல்லசாமி மாமாவைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இத்தன வருசமா கோயிலுக்கு ஒழச்சிருக்காரு. கிரகணம் முடியிற வரைக்கும் இவருதான் தலைவரு."

பூசாரி பரிவட்டத்தை மாமாவின் தலையில் கட்டினார். சோசியர் சொன்னது தோட்டம் முழுக்கத் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

மாமாவின் மனைவி நாகலெட்சுமி அத்தை அழுதுகொண்டே என்னிடம் வந்தார். நான் பக்கத்து வீட்டுக்காரன், தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவன். நான் சொன்னால் மாமா கேட்பார் என்று ஒரு நம்பிக்கை.

"மனுசன் செத்துப் போயிருவாரு தம்பி. கழட்டச் சொல்லுங்க."

கிரகணம் ஆளைக் கொல்லும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த அவமானம் பொறுக்கவில்லை. மாமாவை உட்காரவைத்து பாபிலோன் கதையைச் சொன்னேன். கிரகணம் ராஜாவுக்கு ஆகாது என்றால் அங்கே எவனையாவது பிடித்து, ராஜா உடுப்பு மாட்டி, சிம்மாசனத்தில் ஏற்றிவிடுவார்கள். நிஜ ராஜா ஒளிந்துகொள்வார். ஆபத்துக் காலம் கழிந்ததும் போலி ராஜாவைக் கொன்றுவிடுவார்கள்.

"எல்லாரையுமா கொன்னாங்க?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. இப்படி உட்காரவைத்த ஒரு தோட்டக்காரன் தப்பிய பழைய கதை ஒன்று உண்டு என்றேன். அவன் சிம்மாசனத்தில் இருக்கும்போதே, ஒளிந்திருந்த ராஜா சூடான கஞ்சியைக் குடித்துச் செத்துப்போனாராம். தோட்டக்காரனே ராஜாவாக நிலைத்துவிட்டானாம்.

"தோட்டக்காரனா?" என்று மாமா திரும்பவும் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. நான் சொன்ன மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

கிரகணத்தன்று காலையில் தோட்டமே கதவடைத்துக்கொண்டது. வெயில் மங்கி மலை சாம்பலாகத் தெரிந்தது. மாமா மட்டும் பரிவட்டத்தோடு, பூட்டிய கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். அத்தை லயத்துக் கதவிடுக்கில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண் தலைவர் வீட்டுக் கூரைமேல் இருந்தது.

"கிரகண நேரத்துல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்களே, தம்பி. கஞ்சி எப்புடிக் காய்ச்சுவாங்க?"

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கிரகணம் விட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோயில் கழுவத் தண்ணீர் சுமந்தது மாமாதான், பரிவட்டத்தைக் கழற்றாமலே. பூசைக்கு மணி அடித்தார்கள். கஜேந்திரன் குளித்து முழுகி, கல்லுமாதிரி திடமாக வந்து நின்றார். பூசாரி மாமாவின் தலையிலிருந்து துணியை அவிழ்த்து, தீட்டு என்று ஓரமாகப் போட்டார். புதுப்பட்டை எடுத்துத் தலைவருக்குக் கட்டினார். மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மறுபடி கட்டுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. நான்தான் தோளைத் தொட்டுக் கூட்டிவந்தேன்.

அத்தை வாசலிலேயே கற்பூரம் கொளுத்தினார். "உசுரோட வந்துட்டீங்களே, அது போதுங்க."

மாமா வெறும் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

"பரிவட்டம் கட்டுன தலைக்குத்தான கண்டம்னு சொன்னாங்க, தம்பி? எனக்கு ஒரு தலவலிகூட வரல. கிரகணமும் என்னையத் தலைவரா எடுத்துக்கல."